ஈயின் காலடிக் காகிதம்

மகளே,

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அம்மா, மூணு மாசம் இங்க வந்து பிள்ளையப் பாத்துக்கிடுவியா? அதுக்குப் பொறவு காப்பகத்துல எடம் கெடச்சிரும். நீ வரலேன்னா நான் வேலைய விட வேண்டியதாக்கும்." ஈ ஆராய்ச்சிக்குப் போன ஜெர்மனியிலிருந்து ஒரு காலை வேளையில் கேட்டாய். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ அழைக்கும்போதெல்லாம் பேரனைக் காட்டச் சொல்லி, பால் குடித்தானா, தூங்கினானா, சளி விட்டதா என்று கேட்டுப் பேச்சைத் திருப்பிவிட்டேன். எனக்கு உடம்புக்கு ஏதாவது என்று பயந்து அப்பாவிடம் விசாரித்தாயாம். "அவளுக்கு ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி இருக்கா. மனசுல என்னமோ கெடக்கு, கேட்டா சொல்ல மாட்டேங்கா" என்றாராம். கல்லு மாதிரிதான் இருக்கிறேன். மனதில் கிடப்பது என்ன என்று இப்போது சொல்லிவிடுகிறேன். பொறாமை. முதலில் உன்மேல். அடுத்து, பெங்களூரில் உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய மேடத்தின் மேல். மிச்சம் மீதி இருப்பது உன் மாமியார் மேல்.

இதைப் போய்ப் பத்திரிகையில் எழுதுவார்களா, போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ மட்டும் போனிலா சொன்னாய்? பிரசவ விடுப்பில் இருந்தபடியே தமிழ்ப் பிள்ளைகளுக்காக இணையத்தில் ஒரு பேச்சுப் பேசினாயே, பூச்சியின் மூளையில் ஊறும் ரசாயனம் அதன் பார்வையை எப்படிக் கூட்டிக் குறைக்கிறது என்று, அதை நம் சொந்தபந்தம் முழுக்கப் பார்த்தது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தார்களாம். மறுநாள் கணக்கு டீச்சர் கூப்பிட்டாள். "டீச்சர், மக பேச்சு ஒண்ணாந்தரம். அந்த மேடம்தான் அவளுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கா, என்னா? பெரிய ஆளாக்கும் போல." நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? நீ ஊரறியப் பேசினாய், நானும் ஊரறிய எழுதுகிறேன். கணக்குச் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

அந்தப் பேச்சைத் தொலைக்காட்சியில் இணைத்து நானும் அப்பாவும் பார்த்தோம். நீ மெலிந்திருந்தாய், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. தொடக்கத்திலேயே திற்பரப்பு அருவியைப் பற்றிச் சொன்னாய். சிறுமியாக இருந்தபோது அங்கே போனதையும், விழும் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தால் பாறை மேலே ஏறுவதுபோல் தோன்றியதையும் சொன்னாய். கீழே விழுவதைப் பார்க்கும் நரம்பணுக்கள் களைத்துப்போவதால் அப்படித் தெரிகிறது என்று அழகாக விளக்கினாய். எல்லாம் சரி. "அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்" என்றாய் பார், அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா அன்று தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு அருவிக்கடியில் நின்றார், கூப்பிட்டால்கூடக் காது கேட்காது. உன் கையைப் பிடித்திருந்தது நான். ஈரப்பாறையில் நீ வழுக்கிவிடுவாய் என்று மணிக்கட்டைச் சிவக்கச் சிவக்கப் பிடித்திருந்தேன். "அம்மா, பாறை மேல போவுது" என்று என்னிடம்தான் சொன்னாய்.

அதற்கு நான் சொன்ன பதிலை நீ மறந்ததில் எனக்குக் கொஞ்சம் லாபமும் உண்டு. "ரொம்ப நேரம் பாக்காத மக்களே, தலை சுத்தும்" என்றேன். விலங்கியல் படித்தவள் சொல்லும் பதிலா அது? ஆனால் அதோடு நிற்கவில்லை. நீ அந்தப் பக்கம் திரும்பியதும் நானும் தண்ணீரையே உற்றுப் பார்த்துவிட்டுப் பாறையைப் பார்த்தேன். ஏறியது. உன்னை இழுத்து, "ஏட்டி, நேராக்கும், ஏறுது பாரு" என்றேன். இரண்டு பேரும் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்தோம். அப்பா குளித்துவிட்டு வந்து, "தாயும் மகளும் பாறையப் பாத்து என்னத்துக்கு இளிக்கிய?" என்று கேட்டார். இதில் எது உன் பேச்சில் வந்தது? அப்பா கை வந்தது. தொலைக்காட்சி முன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மீசையைத் தடவிக்கொண்டு, "பாத்தியா, என்னைச் சொல்லுதா" என்றார். அவருக்கும் அந்த நாள் ஞாபகம் இல்லை, ஆனால் பெருமையை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

அதற்கும் மேலே ஒன்று சொன்னாய். "பூச்சியின் கண்ணை நான் முதன்முதலில் பார்த்தது என் மேடத்தின் ஆய்வகத்தில்தான். அன்றுதான் என் கண் திறந்தது." நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அதே அடுக்களை. உனக்குப் பத்து வயதிருக்கும். சிங்க்குக்குக் கீழே செத்துக் கிடந்த கரப்பானைப் பார்த்து வீட்டை இரண்டாக்கினாய். நான் அதை எடுத்து, தலையை மட்டும் பிளேடால் நறுக்கி, வெள்ளைத்தாளில் வைத்து, பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த உருப்பெருக்கியை உன் கண்ணுக்கு நேரே பிடித்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாய். பயம் போன இடம் தெரியவில்லை. "அம்மா, இது நம்ம மாவு சலிக்கிய அரிப்பு மாதிரியில்லா இருக்கு" என்றாய். ஒவ்வொரு கட்டமும் ஒரு குட்டிக் கண் என்று சொன்னேன். "அப்போ இதுக்கு ஒரு அம்மா நூறு அம்மாவா தெரிவாளா?" என்று கேட்டாய். அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு, "சோறு திங்கிய எடத்துல சவத்துக் கரப்பான வச்சு ரெண்டும் என்ன செய்யுதுவ?" என்று கூடத்துக்குப் போய்விட்டார். முதன்முதலில் பார்த்தது மேடத்தின் ஆய்வகத்திலாம். ஈர மண்ணில் நடுவதற்கு ஒருத்தி, அறுத்துப் பேர் வாங்க இன்னொருத்தி.

நீ வேண்டுமென்று மறைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கே முதலில் நனைந்தோம் என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒன்று சொல்லிவைக்கிறேன், நாளைக்கு உன் மகன் மேடையேறி நின்று, என் கண்ணைத் திறந்தவர் இன்னார் என்று வேறொரு பெயரைச் சொல்வான். அன்றைக்கு உனக்கு வயிறு எரியும். அப்போது இந்தக் கடிதத்தை எடுத்து வாசி. எரிகிற வயிற்றை வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு கை தட்டாதே. பொறாமை வந்தால் வந்தது என்று சொல்லிவிடுவது நல்லது. மூடி வைத்தால் அது மருமகள் மேலோ பேரப்பிள்ளை மேலோ வேறொரு பெயரில் போய் விழும். நம் குடும்பத்தில் அப்படி விழுந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உன்மேல் ஏன் என்பதற்கு வருகிறேன். நாகர்கோவிலில் எம்.எஸ்ஸி. முடித்தபோது என் கைக்கு ஒரு பெயர் இருந்தது. கரப்பானின் நரம்புத்தொடரைத் தலையிலிருந்து வால்வரை ஒரு முடிச்சுகூட அறாமல் எடுத்துக் கறுப்புத்தாளில் பரப்பி வைப்பேன். கல்யாணம் ஆகி, நீ பிறந்து ஐந்து மாதம் ஆனபோது, திருவனந்தபுரத்தில் ஒரு பேராசிரியர் பூச்சிகளை வைத்து ஆராய்ச்சி செய்ய என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்பாவே போகச் சொன்னார், அதை நான் மறக்கவில்லை. இரணியலில் காலை ரயிலைப் பிடித்தால் போய்விட்டு மாலையில் திரும்பிவிடலாம். என் அம்மா படுத்த படுக்கை, மாமியார் இல்லை. உன்னைப் பார்த்துக்கொள்ள அப்பா விடுப்பு எடுத்தார். ஒரு வாரம் போனேன். நீ புட்டிப்பாலைத் துப்பினாய். மாலையில் ரயில் இரணியலில் நிற்கும்போது, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா பிளாட்பாரத்தின் கடைசியில் நிற்பார். ரயில் நின்ற பிறகும் உன் கத்தல் கேட்கும். மற்றவர்கள் எல்லோரும் இறங்கி என்னைத்தான் பார்ப்பார்கள். வார முடிவில் அப்பா, "எனக்க லீவு தீந்துட்டு. யாரையாவது நிறுத்தணும். யாரு இருக்கா?" என்று கேட்டார். யாரும் இல்லை. அதோடு அந்த ரயிலை விட்டுவிட்டேன். பிறகு பள்ளிக்கூட வேலை கிடைத்தது, உன்னையும் அங்கேயே சேர்த்துக்கொண்டேன்.

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை, ஐந்து மாதப் பிள்ளை பாலைத் துப்பாமல் பாட்டா பாடும்? ஆனால் இப்போது உன் மகனுக்கும் அதே ஐந்து மாதம். நீயும் அதே இடத்தில் நிற்கிறாய். யாராவது வேண்டும் என்கிறாய். உனக்குக் கேட்க ஓர் ஆள் இருக்கிறது. அந்த ஆள் நான். எனக்கு அப்படிக் கேட்க ஓர் ஆள் இல்லை. இவ்வளவுதான் மகளே என் பொறாமை, இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறு அடி பாயும் என்பார்கள். பதினாறு அடியைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். எட்டடியில் ஓரடி எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தவளிடம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டார்களா?

அதற்குப் பிறகு வருடாவருடம் கரும்பலகையில் கரப்பானின் கூட்டுக்கண்ணை வரைந்தேன். அறுகோணக் கட்டங்கள், அதற்கடியில் நரம்பு, அது மூளைக்குப் போகும் பாதை. கண் என்றால் கண், எதிரே இருப்பதை அப்படியே பிடித்து உள்ளே அனுப்பும் என்றுதான் நான் நினைத்ததும், பிள்ளைகளுக்குச் சொன்னதும். நீ பெங்களூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது அந்த நினைப்பில் மண் விழுந்தது. உன் ஆய்வகத்தைப் பார்க்க ஒருமுறை வந்தேனே, ஞாபகமிருக்கிறதா? இதையாவது சரியாக ஞாபகம் வைத்திருக்கிறாயா என்று பார்க்கிறேன்.

நாகர்கோவிலில் ரயிலேறி, ஒரு பெரிய பையில் நம் ஊர் வாழையான மட்டிப்பழக் குலையோடு வந்தேன். உன் மேடத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று ஆசை. ஆசை என்று சொல்வது கொஞ்சம் கூட. எங்கள் ஊரில் இருப்பது உங்கள் ஊரில் கிடைக்காது என்று காட்டவேண்டும். மேடம் பாலக்காட்டுக்காரர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், பருத்திப் புடவை, குட்டையாக வெட்டிய நரைமுடி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று சொல்லியிருந்தாய். வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷிதான். ஆனால் உன்னைப் பார்த்து, "மோளே, அம்மைக்கு ஒரு சாயா கொடு" என்றார். மோளே! மகளே என்பதற்கு மலையாளச் சொல். என் அம்மா வீடும் கேரள எல்லையை ஒட்டிய பேச்சிப்பாறைப் பக்கம். அங்கே என்னை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அந்தச் சொல்லின் ருசி எனக்குத் தெரியும். நீயும் "இதா வாறேன் மேடம்" என்று குழைந்தாய் பார், நான் நம் ஊர் வழக்கப்படி மக்களே என்று கூப்பிட்டால் ஒருநாளாவது அப்படி ஓடி வந்திருக்கிறாயா?

பையை மேசையோரம் வைத்துவிட்டு உன்னோடும் மேடத்தோடும் இருட்டறைக்கு வந்தேன். பழம் கனிந்தால் மொய்க்குமே, அந்தப் பொடி ஈ ஒன்றை நுண்ணோக்கிக்குக் கீழே, முதுகில் ஒரு துளிப் பசையால் ஒட்டி வைத்திருந்தாய். அதன் தலைக்குப் பின்னால் மயிரிழையிலும் மெல்லிய கண்ணாடி ஊசி, ஒற்றை நரம்பணுவுக்குள் இறங்கியிருந்தது. எதிரே ஒரு திரையில் கறுப்பும் பச்சையுமாகக் கோடுகள் நகர்ந்தன. கோடு நகரும்போதெல்லாம் கணினியில் ஒரு வரைகோடு மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. "இதாக்கும்மா ஈ பாக்குறது" என்றாய். நான் மூச்சு விடாமல் பார்த்தேன். ஈ தன் கால்களால் கடுகளவு காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. காலில் ஏதாவது பிடிப்பு இருக்கும்வரை ஈ பறக்காது, உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளும், காகிதத்தை எடுத்துவிட்டால் சிறகடிக்கத் தொடங்கிவிடும் என்றாய்.

"மக்கா, அத நான் எடுக்கட்டா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்மா, கை ஆடும். ஒனக்குப் பழக்கம் இல்ல. லேசா அசஞ்சாலும் ஊசி வெளிய வந்துரும்."

சொல்லிவிட்டு நீ திரும்பி, "மேடம், அந்தக் காகிதத்த எடுத்துத் தருமோ?" என்று அவர் பாணியிலேயே கேட்டு இடுக்கியை அவர் கையில் கொடுத்தாய். அவர் எடுத்தார். ஈ சிறகடித்தது. அதே கோடுகள், அதே வேகம், ஆனால் கணினியில் வரைகோடு முன்னைவிட உயரமாக எழுந்தது. பறக்கத் தொடங்கியதும் மூளையில் ஆக்டோபமின் என்ற ஒன்று சுரக்கிறது, அது இந்த நரம்பணுக்களைத் தட்டி எழுப்புகிறது, உட்கார்ந்திருக்கும்போது கண்டுகொள்ளாத வேகத்தையெல்லாம் பறக்கும்போது கண்டுகொள்ளும் என்றாய். சும்மா இருக்கும்போதும் எல்லாவற்றையும் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் உடம்புக்குச் செலவு, அதனால் ஓய்வில் பார்வையைத் தணித்து வைத்துக்கொள்கிறது என்றாய். உட்கார்ந்திருக்கும் ஈக்கு அந்த ஆக்டோபமினை நீங்களே கொடுத்தால், அது பறக்காமலே பறக்கிற ஈயைப்போல் பார்க்கிறதாம். அதைச் சுரக்கும் அணுக்களை அடக்கிவைத்தால், ஈ பறந்தாலும் வரைகோடு உயர்வதில்லையாம். பார்வையைத் தணிக்கிற வேறொன்றும் உண்டு, செரட்டோனின் என்றாய். உடனே, "எல்லா எடத்துலயும் அப்பிடி இல்லம்மா, பூச்சிக்குப் பூச்சி மாறும்" என்று திருத்தினாய். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பாதி மனது ஈயிடம் இருந்தது. மீதி, மேடத்தின் கையில் இருந்த அந்த இடுக்கியிடம். கரப்பானின் நரம்பை அறாமல் எடுத்த கை இது. ஆடுமாம்.

வெளியே வந்தால் அடுத்த கூத்து. உன்னோடு படிக்கும் பிள்ளைகள் மட்டிப்பழத்தை ஆளுக்கொன்று உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள், வாசம் அறை முழுக்க. குலையைச் சுற்றி நம் ஊர்ப் பொடி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. பையோடு ரயிலில் டிக்கெட் எடுக்காமல் வந்தவை. அந்த மேசையில்தான் நீங்கள் குப்பியைத் திறந்து, தலைமுறை தலைமுறையாகக் கலப்பில்லாமல் வளர்க்கும் ஈக்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்கு யார் சொன்னது? "அம்மா! பழத்தக் கொண்டுட்டு வெளிய போ! எவளாவது ஈ லேபுக்குப் பழம் கொண்டுட்டு வருவாளா?" என்று நீ கத்தினாய். எல்லோர் முன்னாலும். நான் குலையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். அன்று திறந்த குப்பிகள் அத்தனையையும் கொட்டவேண்டி வந்தது என்று பிறகு சொன்னாய். நாஞ்சில் நாட்டிலிருந்து வரும் தாய் மட்டிப்பழம் இல்லாமல் வெறுங்கையோடு வருவாளா? மேடம்தான் பின்னாலேயே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பழம் தின்றார். "நல்ல மதுரம்" என்றார். அவர் அப்படி வந்ததுகூட எனக்குப் பிடிக்கவில்லை. நீ வந்திருக்க வேண்டும்.

உன் பேச்சைப் பார்த்த அன்று எனக்கு இதெல்லாம் திரும்ப வந்தது. நீ பேசும்போது மேடமும் இணைப்பில் இருந்தார், திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில். நீ எத்தனை தரம் அந்த மூலையைப் பார்த்தாய், அவர் எப்போது தலையசைத்தார், "மேடம்" என்று சொல்லும்போது உன் குரல் எங்கே இறங்கியது, எல்லாம் எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்ணும் என் கண்ணும் ஒரே திரையைத்தான் பார்த்தன. மறுநாள் உன்னிடம் போனில், "பொறாமைக்கும் ஆக்டோபமின்தானா மக்களே?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "அது மனுசனுக்கு இல்லம்மா. அதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரி நமக்கு நார்அட்ரினலின் உண்டு. சும்ம ஈயையும் ஒன்னையும் சேத்துக் குழப்பாத. யாருமேல பொறாமை?" என்றாய். சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். சும்மா கேட்கவில்லை.

ஈயையும் என்னையும் சேர்த்துக் குழப்பக்கூடாதுதான், நீ சொன்னால் சரி. ஆனாலும் ஓய்வு பெற்ற பிறகு இந்த ஒரு வருடமாக நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. காலையில் முற்றத்தில் என்ன பூத்தது என்று கேட்டால் தெரியாது. கண்ணில் புரை விழுந்திருக்குமோ என்று டாக்டரிடம் போனேன், கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். உன்மேல் எரிச்சல் வந்த நாளிலிருந்துதான் எல்லாம் துலக்கமாகத் தெரிகிறது. போன வாரம் முற்றத்துச் செம்பருத்தியில் ஒரு ஈயைக் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு இருந்தது. அடுப்பில் பருப்பு தீய்ந்து, அப்பா வந்து அணைத்தார். ஆகையால் பொறாமை நல்லது என்று உனக்குப் புத்தி சொல்லவில்லை. அது என்னை எழுப்பியது என்று மட்டும் சொல்கிறேன்.

இனி உன் மாமியார். நான் பதில் சொல்லாமல் இழுத்தடித்ததில், அந்தம்மா மதுரையில் பாஸ்போர்ட்டே எடுத்துவிட்டார்களாம். மாப்பிள்ளை சொல்லி அப்பாவுக்குத் தெரிந்தது. "சம்பந்தி நான் போறேன்னு நிக்காங்க. நீ என்ன செய்யப் போற?" என்று அப்பா கேட்டார். பேரன் முதன்முதலில் தவழ்வதை அவர்கள் பார்ப்பார்களாம், நான் போனில் பார்க்க வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்குக் காப்பியில் சீனி போடவில்லை. பிறகு நிதானமாக யோசித்தேன். நான் வராவிட்டால் அவர்கள் வருவார்கள், உன் வேலை போகாது. அப்படியானால் நான் வருவது உன் வேலைக்காகவா, என் வீம்புக்காகவா, பேரனுக்காகவா? எதற்காக என்று தெரியாமல் வந்து உன் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டேன். நீயும் யாருக்காவது எதையாவது விட்டுக்கொடுக்கும்போது, எதற்காக விடுகிறோம் என்று தெரிந்து விடு. தெரியாமல் விட்டதைத்தான் பிறகு வாழ்நாள் முழுக்கக் கணக்குக் கேட்போம்.

இப்போது தெரிந்துவிட்டது. ஒரு வாரமாக மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்துக்கொண்டு, ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குக் கடுகை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறேன். அப்பா வந்து நின்று பார்த்தார்.

"ஏட்டி, கடுகுல கல்லு கெடக்கா?"

"இல்ல. கை ஆடுதான்னு பாக்கேன்."

"ஆடுதா?"

"ஆடல்ல."

அவர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார். உனக்குப் புரியும். வருகிறேன் மகளே, டிக்கெட் போடு. சம்பந்தியம்மாவிடம் அடுத்த முறை வரச்சொல், பாஸ்போர்ட் கெட்டுப்போகாது. பேரனைக் குளிப்பாட்டுவேன், சோறு ஊட்டத் தொடங்குவேன், அவன் கத்தினால் தோளில் போட்டுக்கொண்டு உன் ஊர் ரயில் நிலையம்வரை நடப்பேன். நீ நிம்மதியாக உன் ஈயிடம் போ. ஆனால் வாரத்தில் ஒரு நாள் பிள்ளையை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். அன்று நான் உன்னோடு ஆய்வகத்துக்கு வருவேன். பழம் கொண்டுவர மாட்டேன், பையை வாசலிலேயே உதறிவிட்டு வருகிறேன். ஈயை நீ ஒட்டு. ஊசியை நீ இறக்கு. ஆக்டோபமினைப் பற்றி நீ பேசு, நான் கேட்டுக்கொள்கிறேன். இடுக்கியை மட்டும் என் கையில் கொடு. அதன் காலடியிலிருக்கும் காகிதத்தை நான்தான் எடுப்பேன்.

அம்மா